பிளவு உதடு, அண்ணம் உள்ளவர்களுக்கு மேல்தாடை அறுவை: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதலில் காலக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள், கேட்டதும் திடுக்கிடுகிறார்கள். கிளிப் போட்டுப் பல்லைத் தயார் பண்ண ஒரு வருடம், பெரும்பாலும் ஒன்றரை வருடம். அப்புறம் அறுவை. அதற்குப் பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடியை நேர்த்தி செய்ய இன்னொரு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மூக்கு, உதடு திருத்தம் வேண்டுமென்றால் தாடை அறுவை முடிந்து குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஆக மொத்தம் இரண்டரை, மூன்று வருட வேலை.

நான் காரைக்குடியில் பல் சீரமைப்பு பார்க்கிறவன். அறுவை செய்வது வேறு ஆள், அதற்கு முன்னும் பின்னும் வரும் மாதங்கள் என் வேலை. ஆவணியில் பெண் பார்த்து, தையில் கல்யாணம் வைத்துவிட்டு, "நடுவில இந்தத் தாடையை முடிச்சிரலாமா டாக்டர்" என்று கேட்கிற குடும்பங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. முடியாது. வளர்ச்சி நின்றிருக்கிறதா, பல் தயாரா, பேச்சு தாங்குமா என்ற மூன்றும்தான் இந்த அறுவைக்கு நாள் குறிக்கும். முகூர்த்தத்தையும் கல்லூரி திறப்பையும் அதற்கேற்றபடிதான் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு இப்போது 14, 15 வயதென்றால் இதைப் படிக்க அதுவே சரியான நேரம்.

பின்தங்கியது எந்தத் தாடை?

"ஏந்தம்பி, கீழ்த்தாடைதானே முன்னால துருத்துது, அதைக் கொஞ்சம் உள்ள தள்ளிவிட்டாச் சரியாயிரும்ல?" ஆச்சிமார் கேட்கும் வழக்கமான கேள்வி இது. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து, கீழ்த்தாடையைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கன்னம் தட்டையாக இருக்கும், மூக்கின் அடி உள்வாங்கியிருக்கும், மேலுதடு பின்னால் போய் மெலிந்திருக்கும். வாயை மூடச் சொன்னால் கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து நிற்கும். பெரும்பாலானவர்களுக்குக் கீழ்த்தாடை அளவாகத்தான் வளர்ந்திருக்கிறது. மேல்தாடைதான் முன்னோக்கி வரவில்லை. ஆளைப் பொறுத்து அது கீழ்நோக்கியும் அகலத்திலும் குறைந்திருக்கும்.

ஏன் இப்படி? பிறந்த சில மாதங்களில் உதட்டையும் ஒரு வயதையொட்டி வாயின் மேற்கூரையான அண்ணத்தையும் தைக்கிறார்கள். அந்தத் தையலின் தழும்பு வளரும் எலும்பை இழுத்துப் பிடிக்கிறது. இலங்கையில், சிறு வயதில் அறுவையே செய்யாமல் பெரியவர்களானவர்களைப் பரிசோதித்த ஆய்வில் அவர்களுடைய மேல்தாடை ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்திருந்தது தெரியவந்தது. இதைச் சொன்னதும், அப்படியானால் சின்ன வயதில் தைக்காமலே விட்டிருக்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். தப்பு. அண்ணம் திறந்தே இருந்தால் பேச்சு தெளிவாக வராது, பால் குடிப்பது சிரமம், காதில் சீழும் நீரும் சேரும். பேச்சைக் காப்பாற்றக் கொடுத்த விலைதான் இந்தத் தாடைக் குறை, அதைப் பிறகு சரிசெய்ய வழி இருக்கிறது. எல்லோருக்கும் இந்த நிலை வருவதும் இல்லை, பிளவோடு பிறந்தவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் பெரிய தாடை அறுவை வரை போகவேண்டி வருகிறது என்பது பழைய கணக்கு. அது மருத்துவமனைக்கு மருத்துவமனை கூடும், குறையும்.

கிரகணத்தன்று ஆத்தா அரிவாள்மனையைத் தொட்டதால் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்ற பேச்சு இன்னும் இங்கே நிற்கவில்லை. உலகத்தில் சுமார் 700 பிரசவத்துக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது, கிரகணம் தெரியாத ஊரிலும் பிறக்கிறது. 18 வயதுப் பையனை அறுவைக்கு அழைத்து வந்திருக்கும் தாயிடம் போய் அதைச் சொல்லிக் காட்டுகிறவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன்.

வளர்ச்சி நின்றிருக்கிறதா என்று பார்ப்பது

முகத்தில் கடைசிவரை வளர்கிற எலும்பு கீழ்த்தாடை. மேல்தாடையை முன்னால் கொண்டுவந்து பூட்டியபின் கீழ்த்தாடை இன்னும் 4 மில்லிமீட்டர் வளர்ந்தால் மறுபடி பழைய கதைதான். அதனால் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 16 வயதையொட்டியும் பையன்களுக்கு 18 வயதையொட்டியும்தான் இந்தப் பேச்சையே எடுப்பது. சில பையன்களுக்கு 20 வரைகூட இழுக்கும்.

வயதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டு முக எக்ஸ்ரே ஒன்று இப்போது எடுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து அதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் கீழ்த்தாடை நகர்ந்ததா இல்லையா என்பது பளிச்சென்று தெரியும். நகர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் பார்க்க ஒரு வழி, கடந்த ஒரு வருடத்தில் செருப்பு அளவும் உயரமும் கூடியிருக்கிறதா என்பது. கூடியிருந்தால் அவசரப்பட வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளை, முகத்தை வைத்து நடக்கும் கேலியால் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டில் அடைந்துவிட்ட பிள்ளை, இவர்களுக்குச் சீக்கிரமே செய்வதுண்டு. அப்போது வளர்ந்தபின் இரண்டாவது அறுவை வரக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும்.

ஈறு எலும்புப் பிளவு மூடியிருக்கிறதா?

உதட்டையும் அண்ணத்தையும் தைத்திருப்பார்கள், நடுவில் பல் முளைக்கும் ஈறு எலும்பில் உள்ள பிளவு அப்படியே இருக்கும். அதற்கு 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்குமுன், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்புத் தூள் எடுத்து அடைப்பார்கள். இது நடந்திருந்தால் மேல்தாடை ஒரே துண்டு, அறுவை டாக்டருக்குப் பாதி நிம்மதி. நடக்காமலிருந்தால் இரண்டு, சில சமயம் மூன்று துண்டுகளாகப் பிரித்து நகர்த்த வேண்டும். துண்டு கூடக்கூட ரத்த ஓட்டம் குறையும் ஆபத்தும் கூடும். வயது தாண்டிப் போயிருந்தாலும் முதலில் எலும்பை அடைத்துவிட்டு, அது பிடித்தபின் தாடைக்குப் போவதுதான் பல டாக்டர்கள் விரும்பும் வழி. பிள்ளை இன்னும் 10 வயதில் இருக்கிறதென்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இதைக் கவனியுங்கள். குடித்த தண்ணீர் மூக்கில் வருகிற சின்ன ஓட்டை இருந்தால் அதையும் அப்போதே சேர்த்து மூடிவிடலாம்.

குழுவும் சோதனைகளும்

இதைத் தனி ஒருவர் செய்ய முடியாது. முகத்தாடை அறுவை நிபுணர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன், பல் சீரமைப்பவர், பேச்சுப் பயிற்சியாளர், காது மூக்கு தொண்டை டாக்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லோரும் வேண்டும். இவர்கள் ஒரே கூரையின்கீழ் இருப்பது மதுரை, திருச்சி, சென்னை மாதிரியான இடங்களில்தான். கிளிப் இங்கே போட்டுக்கொண்டு அறுவைக்கு அங்கே போவது நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு நிபந்தனை: கிளிப் போடுமுன்பே இரண்டு டாக்டரும் பேசி ஒரே திட்டத்தில் இருக்க வேண்டும். "கிளிப்பை முதல்ல போட்ருவோம், அறுவையை அப்புறம் பாப்போம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

அறுவை டாக்டரிடம் கேட்க வேண்டியது: பிளவுள்ளவர்களுக்கு இந்த அறுவையை வழக்கமாகச் செய்கிறீர்களா? பிளவு இல்லாமல் தாடை மட்டும் சரியில்லாதவர்களுக்குச் செய்வதும் தழும்பேறிய அண்ணத்தில் செய்வதும் ஒன்றல்ல. கோபப்படாமல் விளக்குகிற டாக்டர் நல்ல டாக்டர்.

முழுத்தாடை எக்ஸ்ரேயான ஓபிஜி, பக்கவாட்டு முக எக்ஸ்ரே, எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன், பல் அச்சு, போட்டோக்கள், பேச்சின் ஒலிப்பதிவு எல்லாம் எடுப்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அறுவைக்குச் சில மாதம் முன்பே இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். வயதுப் பெண்களுக்கு இது சர்வ சாதாரணம். சொத்தைப் பல் எல்லாம் அடைத்து முடித்திருக்க வேண்டும். பழைய அறுவைச் சீட்டுகள் மஞ்சளாகிப் போய் டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுத்துக்கொண்டு போங்கள், முக்கியமாகப் பேச்சுக்காகத் தொண்டையில் மடிப்பு வைத்துத் தைத்த அறுவை நடந்திருந்தால். மயக்க மருந்துக் குழாய் மூக்கு வழியாகப் போகும், அந்த மடிப்பு வழியை மறிக்கும்.

கிளிப் போடும் காலம்

இங்கே ஒரு சங்கடமான உண்மை. தாடை தப்பாக இருந்தால் உடம்பு தானாகவே பல்லைச் சாய்த்துச் சமாளித்திருக்கும். மேல்பல் முன்னால் சாய்ந்திருக்கும், கீழ்ப்பல் உள்ளே சாய்ந்திருக்கும். அறுவைக்குத் தயார் பண்ணுவது என்றால் அந்தச் சமாளிப்பை அவிழ்ப்பது. பல்லெல்லாம் அதனதன் எலும்பின்மேல் நேராக நிற்கும்போது தாடைகளின் உண்மையான இடைவெளி முழுசாக வெளியே தெரியும். அதாவது, ஒரு வருடம் கிளிப் போட்டபின் முகம் முன்பைவிட மோசமாகத்தான் இருக்கும். இதை முதல் நாளே பிள்ளையிடம் நேராகச் சொல்லிவிடுவது என் பழக்கம். சொல்லாமல் விட்டால் எட்டாவது மாதத்தில் கிளிப்பைக் கழற்றச் சொல்லி அழுதுகொண்டு வந்து நிற்கும்.

அறுவையே வேண்டாம், கிளிப்பாலேயே மறைத்துவிடலாம் என்று முடிவானால் பல்லை நேர் எதிர்த்திசையில் நகர்த்துவோம். அதனால்தான் திட்டம் முதலிலேயே வேண்டும் என்றேன். பாதியில் மனம் மாறினால் போன பல்லெல்லாம் திரும்பி வர வேண்டும், இன்னொரு வருடம் போச்சு.

பிளவு இருக்கிற பக்கத்தில் முன்பல்லுக்கு அடுத்த பல் பெரும்பாலும் இருக்காது. அந்த இடத்தைத் திறந்தே வைத்துப் பிறகு செயற்கைப் பல் கட்டுவதா, கோரைப்பல்லை நகர்த்தி மூடுவதா என்பதையும் இந்தக் கட்டத்தில்தான் முடிவு செய்கிறோம்.

ஒரே நாளில் நகர்த்துவதா, தினம் கொஞ்சமா?

அறுவையின் பெயர் லெஃபோர்ட் 1. பிரெஞ்சு டாக்டர் ரெனே லெஃபோர்ட், முகத்தில் அடிபட்டால் எலும்பு எந்தக் கோட்டில் உடைகிறது என்று சடலங்களில் சோதித்து 1901-ல் எழுதினார். அவர் சொன்ன முதல் கோடு மேல்பல் வரிசைக்கு மேலே, மூக்கின் அடியில் கிடைமட்டமாக ஓடுகிறது. அதே கோட்டில் அளந்து வெட்டி, தாடையைக் கழற்றி, முன்னால் கொண்டுவந்து டைட்டேனியம் தகடு வைத்துத் திருகி விடுகிறார்கள். நகர்த்த வேண்டிய தூரம் ஐந்தாறு மில்லிமீட்டர் என்றால் இதுவே போதும். இடைவெளி அதற்குமேல் போனால் மேல்தாடையை ஆறு முன்னால், கீழ்த்தாடையை நாலு பின்னால் என்று பங்கு போட்டு இரண்டையும் ஒரே மயக்கத்தில் நகர்த்துவதும் உண்டு.

10 மில்லிமீட்டருக்குமேல் மேல்தாடையை மட்டுமே கொண்டுவர வேண்டும், தழும்பு வேறு கெட்டி என்றால் ஒரேயடியாக இழுத்தால் நிற்காது, பின்வாங்கும். அதற்குத்தான் டிஸ்ட்ராக்‌ஷன். ரஷ்யாவில் இலிசரோவ் கால் எலும்பை நீட்டக் கண்டுபிடித்த முறை இது. நியூயார்க்கில் மெக்கார்த்தி குழுவினர் 1992-ல் அதைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்தார்கள், 1997 வாக்கில் சிகாகோவில் பாலி, ஃபிகரோவா இருவரும் தலையைச் சுற்றி ஒரு வளையம் மாட்டிப் பிளவுள்ளவர்களின் மேல்தாடையை இழுத்துக் காட்டினார்கள். எலும்பை வெட்டி விடுவார்கள், நாலைந்து நாள் சும்மா இருக்க வேண்டும், அப்புறம் கருவியின் திருகைத் திருப்பித் தினம் ஒரு மில்லிமீட்டர், பெரும்பாலும் காலையில் அரை, மாலையில் அரை. எலும்பு நீள்வதோடு தோலும் தசையும் சேர்ந்து நீள்கின்றன, இந்த முறையின் பெரிய லாபமே அதுதான். சேர வேண்டிய இடம் வந்ததும் திருகை நிறுத்திவிட்டு எலும்பு கெட்டியாக இரண்டு, மூன்று மாதம் கருவியை அப்படியே வைத்திருப்பார்கள்.

அந்தத் திருகைத் திருப்புவது யார்? வீட்டில் ஒருவர். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நர்ஸ் முன்னால் நீங்கள் திருப்பிக் காட்டுங்கள், எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டுப் போன் கேமராவில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து மாதத்தாள் காலண்டரில் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு கோடு போட வேண்டும். அப்பச்சி காலையில் திருப்பி, அது தெரியாமல் ஆத்தா மறுபடி திருப்பினால் கணக்குக் கெடும். இது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். விட்டுப்போன திருகை அடுத்த வேளை சேர்த்துத் திருப்பாதீர்கள், போன் பண்ணிக் கேளுங்கள்.

மூன்றாவதாக, முன்பல் பகுதியை மட்டும் வெட்டி, வாய்க்குள்ளேயே பல்லில் ஒட்டிய திருகால் முன்னால் தள்ளும் முறையும் இருக்கிறது. வெளியே கருவி தெரியாது, பின் அண்ணத்தைத் தொடுவதில்லை என்பதால் பேச்சுக்கு ஆபத்து குறைவு. எல்லோருக்கும் பொருந்தாது, ஆனால் பேச்சு ஏற்கெனவே விளிம்பில் இருக்கிற பிள்ளைக்கு இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

பேச்சு

முகத்தைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. மேல்தாடை முன்னால் வரும்போது அதோடு ஒட்டிய மெல்லண்ணமும், அதாவது அண்ணத்தின் பின்பக்க மென்மையான பகுதியும், முன்னால் வரும். பேசும்போது மெல்லண்ணம் மேலே எழும்பிப் பின்தொண்டைச் சுவரைத் தொட்டு மூக்கை அடைக்க வேண்டும். இடைவெளி கூடினால் எட்டாமல் போகலாம், காற்று மூக்கில் கசியும், மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிடும். முன்பு நன்றாக எட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை இல்லை. கொஞ்சம் இழுபறியாக இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். எவர்சில்வர் கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கித் துடைத்து, பின்பக்கத்தை மூக்குத் துவாரத்துக்கு நேர் கீழே பிடியுங்கள். பிள்ளையை "பாப்பா, பாப்பா", "காக்கா, காக்கா", "தாத்தா கூடை தா" என்று சொல்லச் சொல்லுங்கள். ம, ந, ன வராத சொற்களாக இருக்க வேண்டும், அவை எல்லோருக்கும் மூக்கில்தான் வரும். சொல்லும்போது கரண்டியில் ஆவி படிந்தால் கசிவு இருக்கிறது. சொல்லி முடித்தபின் விடும் மூச்சில் படிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், கரண்டியை உடனே விலக்கிவிட வேண்டும். இது தோராயமான சோதனைதான், முடிவைச் சொல்வது பேச்சுப் பயிற்சியாளரும், மூக்கு வழியே சின்ன கேமரா விட்டுப் பார்க்கும் டாக்டரும். அந்த கேமராச் சோதனையை அறுவைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. ச, ஸ, த போன்ற ஒலிகள் கீழ்ப்பல் முன்னால் நிற்பதால் கொழகொழப்பாக வந்துகொண்டிருந்தால், பல் சரியான இடத்துக்கு வந்ததும் பலருக்குத் தெளிவாகிவிடும். அறுவைக்குப் பின் மூக்கொலி கூடினால் உடனே பதற வேண்டாம். வீக்கம் வடிந்து தசை பழக ஆறு மாதம்போல விட்டுப் பார்த்து, அதன்பின்னும் நின்றால் அதற்குத் தனி அறுவை இருக்கிறது. மேடைக் கச்சேரிப் பாடகி, ஆசிரியை, போனில் பேசிப் பிழைக்கும் வேலையில் இருப்பவர் என்றால் இந்த ஆபத்தைத் தராசில் போட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அறுவை நாள்

முழு மயக்கம், மூன்று முதல் ஐந்து மணி நேரம். வெட்டு மேலுதட்டின் உட்புறம்தான், வெளியே தழும்பு வராது. தாடையைக் கழற்றியபின் டாக்டர் நீண்ட நேரம் செலவிடுவது தழும்பை இளக்கி அது தானாக முன்னால் வரும்படி தளர்த்துவதில்தான், இழுத்துப் பிடித்துத் திருகினால் பிற்பாடு பின்வாங்கும். பல் அச்சை வைத்து முன்கூட்டியே செய்த பிளாஸ்டிக் தகட்டை இரண்டு வரிசைக்கும் நடுவில் கடிக்க வைத்து, அந்த இடத்தில் நாலு டைட்டேனியம் தகடுகளை மாட்டுகிறார்கள். பின்வாங்கல் பிளவுள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே முன்னால் வைப்பதும் உண்டு.

தகட்டை எடுக்கத் தேவையில்லை, தொற்று வந்தால் மட்டும்தான். சிங்கப்பூர், மலேசியா போகிற வீட்டுப் பிள்ளைகள் ஏர்போர்ட்டில் சத்தம் போடுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். கண் இடுங்கி, கன்னம் பளபளவென்று, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பார்க்க வருகிறேன் என்று கிளம்பும் உறவுக்காரர்களை இரண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், இரண்டு தலையணை வைத்துத் தலை உயர்த்திப் படுக்கை. மூக்கு அடைத்திருக்கும், சிந்தவே கூடாது, இரண்டு மூன்று வாரத்துக்கு. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். கொஞ்சம் பழைய ரத்தம் மூக்கிலிருந்து வருவது சகஜம்.

மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சின்ன ரப்பர் வளையங்களால் இணைத்திருப்பார்கள். எப்படி மாட்டுவது என்று பிள்ளையே கண்ணாடி பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்க வேண்டும், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் ரப்பரை வெட்டிவிட்டுத் தலையைக் குனிய வைக்க.

சாப்பாட்டு விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய சோதனை. முதல் பத்துப் பதினைந்து நாள் தண்ணியாக மட்டும், அப்புறம் ஆறு வாரம் வரை மெல்லாமல் விழுங்குகிற குழைவு. நம் சமையலில் இதற்கு ஏற்றது நிறைய இருக்கிறது. ஆட்டெலும்பு ரசத்தை மிளகு குறைத்து, மிளகாய் போடாமல், துணியில் வடிகட்டிக் கொடுங்கள். கவுனி அரிசியை வேகவைத்துப் பாலோடு அரைத்து வடிகட்டினால் ஒரு டம்ளர் வயிற்றை நிரப்பும். கும்மாயம் செய்யும்போது பாதியை எடுத்துப் பாலில் தளர்த்திவிடுங்கள், உளுந்தும் நெய்யும் கருப்பட்டியும் ஒரே கோப்பையில் போய்விடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு வைத்துக் கொடுத்தால்தான் எடை தாங்கும், மூன்று நாலு கிலோ இறங்குவது சாதாரணம். இளசான இடியாப்பம், பால் பணியாரம் என்று ஆசை காட்ட ஆறு வாரத்துக்குப் பிறகு நேரம் இருக்கிறது. சீடையும் மனகோலமும் தேன்குழலும் மூன்று மாதத்துக்கு அந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாது.

எதையும் கொடுக்குமுன் உங்கள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மேலுதடும் கன்னமும் ஈறும் மரத்திருக்கும், சூடு தெரியாது, உதடு வெந்ததுகூட பிள்ளைக்குத் தெரியாமல் போகும். இந்த மரத்துப்போதல் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருந்து பெரும்பாலும் திரும்பிவிடும், ஒரு சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும்.

ஒவ்வொரு கோப்பைக்குப் பிறகும் உப்புத் தண்ணீர், டாக்டர் கொடுத்த வாய்க்கழுவி, குழந்தை பிரஷ்ஷால் பல் தேய்ப்பு. பல் அழுக்கானால் தொற்று வரும்.

பயப்பட வேண்டியவை இவை: நிற்காமல் சிவப்பு ரத்தம், அதுவும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திடீரென்று மூக்கில் கொட்டினால் உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், மதுரை போகும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறினாலும் பார்வை மங்கினாலும் அப்படியே ஓடுங்கள். மேல் ஈறு வெளுத்தோ கருத்தோ போவது, காய்ச்சலோடு சீழ் நாற்றம், நேற்று சரியாக இருந்த கடி இன்று மாறியிருப்பது, இவற்றுக்கும் அன்றைக்கே போன்.

இரண்டு மூன்று வாரத்தில் கல்லூரிக்குப் போகலாம். கபடி, கிரிக்கெட் மூன்று மாதம் ஆகட்டும். பழநிப் பாதயாத்திரைக்கு வேண்டியிருப்பதாகச் சொல்லித் தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்னால் அறுவைத் தேதி கேட்பவர்கள் இருக்கிறார்கள். முருகன் அடுத்த தைக்கும் அங்கேதான் இருப்பார்.

செலவு

18 வயதுக்குள் என்றால் அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே பட்டியலில் பிளவு உதடு, அண்ணம் இருக்கிறது. அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பார்க்கிற குழுவே மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும். அதனால் 18 முடியுமுன் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஸ்மைல் டிரெய்ன் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளில் பிளவு அறுவை இலவசமாக நடக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதல் நாளே மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: தாடை அறுவை சேருமா, தகடு, டிஸ்ட்ராக்‌ஷன் கருவி சேருமா, கிளிப் சேருமா? அறுவை இலவசம் என்று நம்பிப் போய்க் கருவிக்குக் கையிலிருந்து கட்டியவர்கள் இருக்கிறார்கள். கிளிப்புக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனால் செலவு மிகக் குறைவு, மாதாமாதம் போய்வர நேரம் மட்டும் வேண்டும்.

மூக்கும் உதடும் கடைசியில்

மேல்தாடை முன்னால் வந்ததும் மூக்கின் அடி அகலும், நுனி கொஞ்சம் தூக்கும், உதடு நிரம்பித் தெரியும். அதனால் மூக்குத் திருத்தத்தைத் தாடைக்கு முன்னால் செய்தால் பணமும் வலியும் வீண். தாடை முடிந்து ஆறு மாதத்துக்குப் பின், வீக்கம் முழுக்க வடிந்தபின், கண்ணாடி பார்த்துப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, அந்த முடிவில் வீட்டுப் பெரியவர்கள் தலையிட வேண்டியதில்லை. கிளிப் கழற்றியபின் பல் நகராமல் பிடிக்க இரவில் போடும் ரிடெய்னரை மட்டும் விடாமல் போட வேண்டும், பிளவுள்ள மேல்தாடையில் பல் நகர்ந்து உள்ளே சுருங்குவது வருடங்கள் கழித்தும் நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காட்டுங்கள், விரிசல் விட்டிருந்தால் அன்றே அச்செடுத்துப் புதிது செய்துவிடலாம்.